பைக் வேலைக்கான டூல்கள்: எதில் காசைப் போடலாம், எதைத் தள்ளிப்போடலாம்

‘108 பீஸ்’ என்று அட்டையில் அச்சிட்ட டூல் பெட்டி பார்க்க அழகாகத்தான் இருக்கும். திறந்து எண்ணினால் முப்பது நாற்பது பிட்டுகள், இன்ச் அளவு சாக்கெட்டுகள் ஒரு வரிசை, அதே அளவுகள் குட்டையாக ஒருமுறை நெட்டையாக ஒருமுறை என்று கணக்கு ஏறியிருக்கும். மில்லிமீட்டர் போல்ட் மட்டுமே உள்ள பைக்குக்கு அந்த இன்ச் வரிசை வெறும் சுமை.

டூல் வாங்குவதற்கு முன் பைக்கைச் சுற்றி ஒருமுறை வந்து போல்ட் தலைகளை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஜப்பானிய முறையில் வடிவமைத்த பைக்குகளில் பெரும்பாலும் எம்6 (மரை விட்டம் 6 மி.மீ.) போல்ட்டுக்குத் தலை 10 அல்லது 8 மி.மீ., எம்8-க்கு 12, எம்10-க்கு 14, எம்12-க்கு 17 என்று வரும். ஐரோப்பிய பைக்குகளில் அதே எம்8-க்கு 13 மி.மீ. தலை. பிஎம்டபிள்யூ, கேடிஎம் வைத்திருப்பவருக்கு 13 மி.மீ. சாக்கெட்டும், ஆறு இதழ் நட்சத்திரக் குழியான டார்க்ஸ் பிட்டுகளும் இல்லாமல் வேலை நகராது. ஜப்பானிய பைக் வைத்திருப்பவருக்கு 13 தேவைப்படுவது அபூர்வம். இந்தப் பட்டியல் கையில் இருந்தால் பெரிய செட்டா, தனித்தனியாக வாங்குவதா என்ற கேள்வி பாதி தீர்ந்துவிடும். 8, 10, 12, 14, 17, 19 சாக்கெட்டுகள், 4, 5, 6, 8 ஆலன் (அறுகோணக் குழிக்கான கீ), பின்சக்கர ஆக்சில் நட்டுக்கு 22 அல்லது 24 என்று ஒன்றொன்றாக, தரமானதாக வாங்குவதே மேல். போல்ட்டைத் தொடும் முனைக்குக் காசைப் போடுங்கள். கைப்பிடி, பெட்டி, எண்ணிக்கை எல்லாம் அப்புறம். முனை தேய்ந்த டூல் கெடுப்பது தன்னை மட்டுமல்ல, நீங்கள் கழற்ற வந்த போல்ட்டையும்தான்.

சாக்கெட்டில் ஆறு முனை, பன்னிரண்டு முனை என்று இரண்டு வகை. பன்னிரண்டு முனை இடுக்கில் மாட்ட வசதி. ஆனால் அது போல்ட்டின் மூலையை மட்டும் பிடிக்கும். ஆறு முனை தட்டையான பக்கங்களைப் பிடிக்கும். துருவேறிய 10 மி.மீ. தலையில் பன்னிரண்டு முனையை மாட்டி அழுத்தினால் மூலைகள் மழுங்கி தலை உருண்டையாகிவிடும். சாக்கெட் என்றால் ஆறு முனையே வாங்குங்கள். ரிங் ஸ்பேனரில் பன்னிரண்டு முனை பரவாயில்லை, கைப்பிடி திரும்ப இடம் குறைவான இடத்தில்தானே அது வேலை செய்கிறது. பிரேக் பிளீடர் நிப்பிளுக்கு மட்டும் ரிங்கும் ஆறு முனையாக இருக்கட்டும். அந்தச் சின்ன நிப்பிள் நடுவில் ஓட்டையானது, ஒருமுறை மழுங்கினால் காலிப்பரே ஒர்க்‌ஷாப்புக்குப் போக வேண்டியிருக்கும்.

டிரைவ் அளவு, அதாவது சாக்கெட் மாட்டும் சதுர முனையின் பருமன், மூன்று வகை: 1/4, 3/8, 1/2 இன்ச். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 3/8. பைக்கின் பெரும்பாலான வேலை அதில் முடிந்துவிடும். 1/2 இன்ச் ஆக்சிலுக்கும் முன் ஸ்பிராக்கெட் நட்டுக்கும் மட்டும். அதற்கு ஒரே திசையில் மட்டும் பிடிக்கும் ராட்செட் கூட வேண்டாம், நீளமான பிரேக்கர் பார் ஒன்று போதும். ராட்செட்டின் பற்கள் இறுகிய நட்டை உடைத்துத் திறப்பதற்கு ஆனவை அல்ல.

மெக்கானிக்குகளின் கையில் எப்போதும் இருக்கும் டி ஸ்பேனரை ராட்செட் விற்பவர்கள் பழைய சாமான் என்பார்கள். அப்படியில்லை. 8, 10, 12 மூன்று டி ஸ்பேனர் இருந்தால் என்ஜின் கவர், சைடு பேனல் எல்லாம் ராட்செட்டைவிட வேகமாகக் கழலும். இரண்டு கையாலும் பிடிப்பதால் சாக்கெட் சாயாது. நட்டு மரையில் சரியாக ஏறுகிறதா, குறுக்கே ஏறுகிறதா என்று விரலுக்கே தெரியும்.

நட்சத்திரக் குழியில் நடக்கும் கொலை

பைக்கில் அதிகம் கெடுவது பெரிய போல்ட்டுகள் இல்லை. பிரேக் ஆயில் டப்பா மூடியின் இரண்டு சின்னத் திருகுகள், கார்புரேட்டர் அடியில் உள்ள நான்கு திருகுகள், பழைய பைக்கின் என்ஜின் கவர் திருகுகள். கூட்டல் குறி வடிவக் குழி உள்ள இவை எல்லாவற்றையும் ‘ஸ்டார்’ என்றே சொல்கிறோம். ஆனால் அந்தக் குழியில் இரண்டு சாதி உண்டு.

பிலிப்ஸ் ஸ்க்ரூடிரைவரின் முனை, விசை கூடினால் குழியிலிருந்து மேலே நழுவி வெளியேறும் சாய்வு கொண்டது. ஜப்பானிய பைக்குகளில் வரும் ஜேஐஎஸ் (ஜப்பானியத் தொழில் தரம்) திருகின் குழி வேறு: அடியில் தட்டையாக, பக்கச் சுவர்கள் நிமிர்ந்து இருக்கும். அதில் பிலிப்ஸை நுழைத்தால் முனை அடியைத் தொட்டுவிடும், இறக்கைகள் சுவரில் முழுதாகப் படியாது. திருப்பும்போது ஒரு ‘டக்’. குழியின் நான்கு மூலையும் கொஞ்சம் சீவப்படும். இரண்டாவது ‘டக்’கில் இன்னும் கொஞ்சம். மூன்றாவதில் குழி கிண்ணமாகிவிடும். பல திருகுகளின் தலையில் ஓரமாக ஒரு சின்னப் புள்ளி குத்தியிருப்பார்கள். அதுதான் ஜேஐஎஸ் அடையாளம்.

ஜேஐஎஸ் முனை ஸ்க்ரூடிரைவர் பிலிப்ஸ் குழியிலும் ஓரளவு நன்றாகவே வேலை செய்யும். மறுபக்கம் அப்படியில்லை. எனவே இரண்டில் ஒன்று என்றால் ஜேஐஎஸ். 2-ம் நம்பர் ஒன்று, 3-ம் நம்பர் ஒன்று. சோதிப்பது சுலபம்: திருகை முனையில் செருகி ஸ்க்ரூடிரைவரைப் படுக்கையாகப் பிடித்தால் திருகு விழாமல் நிற்க வேண்டும், ஆட்டினால் ஆடக்கூடாது. எம்6 கவர் திருகுக்கு 2-ம் நம்பரைப் போடுவது இன்னொரு பரவலான தவறு, அதற்கு வேண்டியது 3.

ஏற்கெனவே பாதி கெட்ட திருகுக்குச் சுத்தியலால் அடித்துத் திருப்பும் இம்பாக்ட் டிரைவர்தான் வழி. அடி விழும்போது முனை குழிக்குள் அழுந்துகிறது, அதே கணத்தில் சில டிகிரி திரும்புகிறது. நழுவ நேரமே இல்லை. பேட்டரி இம்பாக்ட் மெஷின் இதற்கு மாற்று என்று நினைக்காதீர்கள். அது சுற்றும் திசையில் அடிக்கும், உள்ளே அழுத்தாது, அழுத்துவது உங்கள் தோள்தான். அடிக்கும் முன் திசை வளையம் கழற்றும் பக்கம் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இறுக்கும் பக்கம் இருந்தால் கதை முடிந்தது.

ஆலன் கீயில் பந்து முனை சாய்வாக நுழைய வசதிதான், இருந்தாலும் அதைச் சுழற்றிக் கழற்ற மட்டும் வையுங்கள். முதல் இளக்கமும் கடைசி இறுக்கமும் நேர் முனையில். பிரேக் டிஸ்க் போல்ட்டில் பசை போட்டிருப்பார்கள். குழியில் அடைந்த மண்ணை ஊசியால் தோண்டி, பிட்டை அடிவரை தட்டி இறக்கி, தேவைப்பட்டால் ஹாட் கன்னால் சூடாக்கிய பிறகே திருப்ப வேண்டும். டார்க்ஸ் குழிக்கு ஆலன் ‘ஏறக்குறைய’ பொருந்தும். அந்த ஏறக்குறையில்தான் குழி போகும்.

டார்க் ரெஞ்ச்: ஒன்றா, இரண்டா

குறித்த அளவு திருப்பு விசையில் இறுக்க உதவும் டார்க் ரெஞ்ச் பற்றி என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன்: ஒன்று மட்டும் வாங்குவதானால் சிறியது வாங்குங்கள். பெரும்பாலானவர்கள் தலைகீழாகச் செய்கிறார்கள். ஆக்சில் நட்டுக்காக 40 முதல் 200 நியூட்டன் மீட்டர் வரை போகும் 1/2 இன்ச் ரெஞ்சை வாங்கிவிட்டு, 10 நியூட்டன் மீட்டரே தாங்கும் எம்6 போல்ட்டுகளைக் கைக்கணக்கில் இறுக்குகிறார்கள்.

கொஞ்சம் கணக்குப் பாருங்கள். 10 நியூட்டன் மீட்டர் என்பது 25 செ.மீ. நீள ராட்செட்டின் நுனியில் சுமார் 4 கிலோ எடை வைத்தது போல. இறுக்க வேண்டும் என்ற நினைப்பில் கை அதைப்போல் இரண்டு மடங்கு சாதாரணமாகப் போட்டுவிடும். அலுமினிய மரை அவ்வளவு தாங்காது. ஆக்சிலுக்கு 100 நியூட்டன் மீட்டர் என்றால் 40 செ.மீ. கம்பியில் 25 கிலோ. அங்கே கை தவறினாலும் கொஞ்சம் கூடக் குறையத்தான் இருக்கும், மரை பிய்ந்து வராது. அதற்காக ஆக்சிலைக் கைக்கணக்கில் விடச் சொல்லவில்லை, சக்கர வேலையை அடிக்கடி செய்பவர் பெரியதையும் வாங்கத்தான் வேண்டும். தவறு எங்கே சுலபமாக நடக்கிறதோ அங்கே முதலில் காசைப் போடுங்கள் என்கிறேன்: 5 முதல் 25 வரை ஒன்று, பிறகு 20 முதல் 110 வரை ஒன்று.

கிளிக் வகை, பீம் வகை, டிஜிட்டல். கிளிக்கின் உள்ளே ஸ்பிரிங். அளவை வைத்துவிட்டால் கண்ணால் பார்க்கத் தேவையில்லை, ‘கிளிக்’ என்றதும் நிறுத்தினால் போதும். வேலை முடிந்ததும் அளவுகோலின் கீழ்க்கோட்டுக்கு இறக்கி வைக்க வேண்டும், அதற்கும் கீழே கழற்றக்கூடாது. ஆண்டுக்கு ஒருமுறை அல்லது 5,000 முறை பயன்படுத்தியபின் அளவு சரிபார்க்க வேண்டும் என்பது ஐஎஸ்ஓ 6789 தரக்குறிப்பு. பீம் வகையில் கெடுவதற்கே ஒன்றுமில்லை. கம்பி வளைகிறது, முள் காட்டுகிறது. முள் பூஜ்யத்தில் நிற்காவிட்டால் பார்த்ததுமே தெரியும். குறை என்னவென்றால் முள்ளுக்கு நேர் எதிரே கண் இருக்க வேண்டும், என்ஜினுக்கு அடியில் குனிந்தபடி அது முடியாது. ஆண்டுக்கு நான்கு முறை தொடுபவருக்கு பீம் நல்ல தேர்வு. டிஜிட்டல் துல்லியமானது, ஆனால் பேட்டரி தீர்ந்திருக்கும் நாளில்தான் அது தேவைப்படும்.

எந்த வகையானாலும் சில விஷயங்கள் பொது. அளவின் அடி 20 சதவீதத்தில் கிளிக் வகையை நம்பாதீர்கள். மரையில் எண்ணெய் பட்டிருந்தால் அதே டார்க்கில் போல்ட் அதிகமாக இழுபடும், மேனுவல் ‘எண்ணெய் தடவி’ என்று சொன்னால் ஒழிய மரை உலர்ந்திருக்கட்டும். முதல் கிளிக் வந்ததும் உறுதி செய்துகொள்ள இரண்டாம் முறை இழுப்பது பலரின் பழக்கம். அந்த இரண்டாவது இழுப்பு வைத்த அளவைத் தாண்டிவிடும். டார்க் ரெஞ்சால் போல்ட்டைக் கழற்றாதீர்கள்.

மரை போய்விட்டால்? எம்6 மரை அழிந்த இடத்தில் ஹெலிகாயில் சுருள் போடலாம். துளையைச் சுமார் 6.3 மி.மீ.க்குப் பெரிதாக்கி, செட்டில் வரும் டேப்பால் (மரை வெட்டும் கருவி) மரை போட்டு, சுருளை மேற்பரப்பிலிருந்து கால் முதல் அரைச் சுற்று உள்ளே இறக்கி, அடியில் உள்ள காதை உடைத்து எடுத்துவிட வேண்டும். அலுமினியத்தில் இது பழைய மரையைவிட உறுதி. மரை போகவில்லை, அழுக்குத்தான் என்றால் வெட்டும் டேப்பை உள்ளே விடாதீர்கள். அது உலோகத்தையும் சீவி மரையைத் தளர்த்திவிடும். மரையைச் சுத்தம் செய்ய மட்டும் ஆன சேசர் என்று தனியாக உண்டு.

செயினும் ஸ்டாண்டும்

செயின் வேலைக்கு முதல் டூல் செயினைத் தொடாதது: பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கும் ஸ்டாண்ட். சென்டர் ஸ்டாண்ட் உள்ள பைக்குக்கு பேடக் ஸ்டாண்ட் எனும் தனித் தூக்கி ஆடம்பரம். இல்லாத பைக்குக்கு அது அவசியம். ஸ்விங்ஆர்மில் (பின்சக்கரத்தைத் தாங்கும் கை) ஸ்பூல் எனும் உருளைக் குமிழ் மாட்ட மரைத்துளை இருந்தால் ஸ்பூல் பிடிக்கும் ஸ்டாண்ட் வாங்குங்கள், பைக் நழுவாது. ஸ்விங்ஆர்மின் அடியில் தாங்கும் ரப்பர் எல் வகை எல்லா பைக்குக்கும் பொருந்தும், ஆனால் தூக்கும்போது பக்கவாட்டில் நகரப் பார்க்கும். முன்பக்க ஸ்டாண்டைத் தனியாகப் போடவே கூடாது, முதலில் பின்பக்கம்.

செயினின் எண்ணே அளவைச் சொல்லிவிடும். முதல் இலக்கம் இன்ச்சின் எட்டில் எத்தனை பங்கு பிட்ச் என்பது: 428-க்கு 12.7 மி.மீ., 520, 525, 530 மூன்றுக்கும் 15.875 மி.மீ. இதைப் பார்த்தே செயின் கட்டரை வாங்குங்கள், 428-க்கு ஆன சின்னக் கட்டரின் ஊசி 520-இல் வளைந்துவிடும். எந்தக் கட்டரானாலும் ரிவெட் தலையைக் கிரைண்டரில் தட்டையாகத் தேய்த்துவிட்டுத்தான் ஊசியால் தள்ள வேண்டும். தேய்க்காமல் தள்ளுபவர்கள்தான் கட்டர் தரமில்லை என்று குறை சொல்வார்கள்.

இணைப்பு லிங்க்கில் கிளிப் வகையா, ரிவெட் வகையா? சிறிய என்ஜின், 428 செயின் என்றால் கிளிப் போதும், கழற்ற மூக்குக் குறடு ஒன்றே வேண்டும். கிளிப்பின் மூடிய பக்கம் செயின் ஓடும் திசையில் இருக்கட்டும், பிளந்த பக்கம் பின்னால். சக்தி கூடிய என்ஜினுக்கு ரிவெட் வகை. அதற்கு ரிவெட் டூலோடு ஒரு வெர்னியர் காலிப்பரும் வேண்டும். ரிவெட்டின் தலை எவ்வளவு விரிய வேண்டும் என்று செயின் பெட்டியிலேயே எழுதியிருக்கும், பல 520 செயின்களில் அது 5.5 முதல் 5.8 மி.மீ. அதைத் தாண்டி விரித்தால் தலை வெடிக்கும்.

சக்கரம் நேராக நிற்கிறதா என்று பார்க்க லேசர் கருவி விற்கிறார்கள். ஸ்விங்ஆர்ம் மீதுள்ள கோடுகளை நம்பாமல், ஸ்விங்ஆர்மின் முன் பிவட்டிலிருந்து ஆக்சில் மையம் வரை இரண்டு பக்கமும் அளவு டேப்பால் அளந்தாலே போதும். லேசர் வாங்கும் காசுக்கு இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளான நல்ல ஃபீலர் கேஜ் ஒரு செட் வாங்கலாம். டேப்பெட் இடைவெளி (வால்வுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் நடுவே உள்ளது) பார்க்க அதை விட்டால் வேறு வழி கிடையாது. என்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும், பிஸ்டன் கம்ப்ரெஷன் உச்சியில் நிற்க வேண்டும். இடைவெளி 0.08 மி.மீ. என்றால் 0.08 தகடு லேசான பிடிப்போடு நுழைந்து, 0.10 நுழையாமல் நிற்க வேண்டும். சத்தம் வருகிறதே என்று இறுக்கி வைப்பவர்கள் உண்டு. டேப்பெட் சத்தம் போட்டால் காதுக்குத்தான் தொல்லை. இறுகியிருந்தால் வால்வு முழுதாக மூடாது, சூட்டை வால்வு சீட்டுக்குக் கடத்த முடியாமல் எரிந்துபோகும்.

வயரிங்: மாற்றம் செய்பவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள்

கூடுதல் விளக்கு, யுஎஸ்பி சார்ஜர், ஹார்ன் மாற்றுவது எல்லாமே வயரை வெட்டி ஒட்டுவதில் வந்து முடிகிறது. சால்டரா, டெர்மினலை வயரோடு அழுத்திப் பிடிக்கும் கிரிம்ப்பா? வீட்டு மின்சாதனத்தில் சால்டர் சரி. பைக்கில் கிரிம்ப். காரணம், உருகிய ஈயம் கம்பி இழைகளுக்குள் ஏறி ஒரு சென்டிமீட்டர் தூரத்தைக் குச்சி போல் விறைப்பாக்கிவிடும். அதிர்வில் அந்த விறைப்பு முடியும் இடத்தில் இழைகள் ஒவ்வொன்றாக அறுந்து, வெளியே உறை முழுதாக இருக்கும்போதே உள்ளே துண்டாகிவிடும்.

கிரிம்ப்புக்குக் குறடு போதாது. ராட்செட் வைத்த கிரிம்பர் வேண்டும், முழு அழுத்தம் போனபிறகே அது கையை விடும். பைக் ஹார்னஸில் வரும் திறந்த காது டெர்மினலில் இரண்டு ஜோடிக் காதுகள் இருக்கும்: முன் ஜோடி செம்பு இழைகளைப் பிடிக்க, பின் ஜோடி மேலுறையைப் பிடிக்க. இழையைப் பிடிக்கும் காது நடுவில் மடங்கி இதய வடிவில் உள்ளே குத்த வேண்டும். முடித்ததும் கையால் இழுத்துப் பாருங்கள், வந்துவிட்டால் நல்லதாயிற்று, சாலையில் வராமல் இங்கேயே வந்தது. வயரை வெட்டாமல் கடித்துப் பிடிக்கும் அந்த நீல, சிவப்பு கிளிப்புகளைத் தூக்கிப் போடுங்கள். பத்து வினாடியில் வேலை முடியும். அது கடித்த இடத்தில் ஈரம் இறங்கி பச்சை பூத்த பிறகு பழுதைத் தேட ஒரு நாள் போகும்.

மல்டிமீட்டரும் வேண்டும், சாதாரண பல்ப் வைத்த டெஸ்ட் லாம்ப்பும் வேண்டும். மல்டிமீட்டர் மட்டும் போதும் என்பவர்களை ஏமாற்றுவது ஒற்றை இழைதான். இருபது இழையில் பத்தொன்பது அறுந்து ஒன்று மிஞ்சியிருந்தாலும் மீட்டர் 12 வோல்ட் காட்டும், ஏனென்றால் அது கரண்ட்டை இழுப்பதே இல்லை. பல்ப் இழுக்கும், இணைப்பு மோசமானால் மங்கலாக எரிந்து காட்டிக்கொடுக்கும். ஆனால் இசியூ (என்ஜினின் கணினி), சென்சார் வயர்களில் பல்ப் லாம்ப்பை வைக்காதீர்கள், அங்கே மீட்டர்தான். பேட்டரி ஓய்வில் 12.6 முதல் 12.8 வோல்ட் இருந்தால் முழுச் சார்ஜ். என்ஜின் 4,000 சுற்றில் ஓடும்போது 13.5-க்கும் 14.5-க்கும் இடையே நிற்க வேண்டும். ஸ்டார்ட் செய்யும்போது பேட்டரி நெகட்டிவுக்கும் என்ஜின் உடலுக்கும் இடையே மீட்டர் 0.3 வோல்ட்டைத் தாண்டினால் புதுப் பேட்டரி வாங்காதீர்கள், எர்த் வயரின் முனையைத் தேய்த்து மாட்டுங்கள்.

விளக்கு போடும் கணக்கு: 20 வாட் எல்இடி இரண்டு என்றால் 40 வாட், 12 வோல்ட்டில் 3.3 ஆம்பியர். 5 ஆம்பியர் பியூஸ், 1 சதுர மி.மீ. வயர், ஒரு ரிலே (சிறு கரண்ட்டால் பெரிய கரண்ட்டைத் திறந்து மூடும் சுவிட்ச்). ரிலேயில் 30-க்கு பேட்டரி, 87-க்கு விளக்கு, 85-உம் 86-உம் சுவிட்ச் பக்கம். பியூஸ் பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். விளக்கின் அருகே வைத்தால் நடுவில் வயர் உரசி ஃபிரேமில் பட்டால் காப்பாற்ற யாருமில்லை.

இல்லாமலும் ஓட்டலாம்

பிரேக் ஆயில் மாற்ற வேக்குவம் பம்ப் வேகம்தான். ஆனால் நிப்பிளின் மரை வழியே காற்றை இழுத்துக்கொண்டு குமிழி தீரவே தீராதது போல் காட்டும். ஒரு ஒளி ஊடுருவும் குழாய், பாட்டில், ரிங் ஸ்பேனர், லீவரை அழுத்த ஒரு ஆள் இருந்தால் அதே வேலை முடியும்: அழுத்து, நிப்பிளைத் திற, மூடு, விடு. மூடும் முன் லீவரை விட்டால் காற்று திரும்ப ஏறும். டாட் 4 பிரேக் ஆயில் பெயின்ட்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், துடைத்தால் மட்டும் போதாது.

பேட்டரி இம்பாக்ட் மெஷின் முன் ஸ்பிராக்கெட் நட்டுக்கும் கிளட்ச் நட்டுக்கும் அருமை. கழற்ற மட்டும், கருப்பு நிற இம்பாக்ட் சாக்கெட்டோடு மட்டும். குரோம் பளபளக்கும் சாக்கெட் அந்த அடியில் சிதறலாம். ஹேண்டில்பாரை வெட்ட பைப் கட்டர் நேராக வெட்டும், ஆனால் விளிம்பை வெளியே பிதுக்கிவிடும், அரத்தால் தேய்க்காவிட்டால் கிரிப் ஏறாது. ஹாக்சாவுக்கு அந்தத் தொல்லை இல்லை.

ஃபோர்க் சீல் டிரைவர், மேக்னெட்டை (கிராங்க்கில் மாட்டிய காந்தச் சக்கரம்) கழற்றும் மேக்னெட் புல்லர் போன்றவை ஒரு பைக்குக்கு ஆயுளில் இரண்டு முறை தேவைப்படலாம். சீல் டிரைவருக்குப் பதில் அதே விட்டமுள்ள பிவிசி குழாயை வைத்துத் தட்டிச் சமாளிக்கலாம். மேக்னெட் புல்லருக்கு மாற்று கிடையாது. சுத்தியலால் மேக்னெட்டின் விளிம்பில் தட்டினால் உள்ளே ஒட்டியிருக்கும் காந்தங்கள் பெயரும், கிராங்க் கூட விலகலாம். இரவல் கிடைத்தால் வாங்குங்கள், கிடைக்காவிட்டால் உங்கள் மாடலுக்கான புல்லரை மட்டும் காசு கொடுத்து வாங்குங்கள். சில மாடல்களில் அதன் மரை இடப்பக்கமாகச் சுற்றும்; ஸ்பேனரைத் தொடும் முன் கையால் கடைசிச் சுற்று வரை ஏற்றிவிட்டு, நடு போல்ட்டை இறுக்கி, அதன் தலையில் நேராக ஒரு தட்டுத் தட்டுங்கள். ‘பட்’ என்று விடும். விடாவிட்டால் இன்னும் கால் சுற்று இறுக்கி இன்னொரு தட்டு.